அங்கதம் மொழி மாறும்போது: அமெரிக்க நகைச்சுவைப் படங்கள் இந்தி பேசிய வரலாறு

அழுகை எல்லா நாட்டிலும் ஒன்றே. சிரிப்பு ஊருக்கு ஊர் வேறு. மகனை இழந்த தாய் அழும் காட்சிக்கு மொழிபெயர்ப்பே வேண்டுவதில்லை. ஆனால், ஓர் அதிகாரியைப் பார்த்து ஒருவன் சொல்லும் குத்தலான சொல் விளங்க வேண்டுமானால், அந்த அதிகாரி யார், அவனுக்கு அஞ்சுவோர் யார், அதை நேரே சொல்ல இயலாமற் போனது ஏன் என்பன கேட்போனுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பகுத்தது. வெளிப்பட வைவது முன்னது. பழியைச் சொல்லுக்குள் மறைத்து வைப்பது பின்னது. செம்பொருள் அங்கதம் எல்லை கடந்து செல்லும். கரந்த அங்கதமோ, மறைத்து வைத்த இடத்தை அறிந்த கேட்போனின்றி உயிர் வாழாது.

இந்தி இலக்கியமும் இவ்வேறுபாட்டை நன்கறியும். சிரிப்பை மட்டும் விளைவிப்பதை ஹாஸ்யம் என்றும், சிரிப்பினுள் முள்ளை வைப்பதை வியங்கியம் என்றும் அது பிரித்துப் பேசுகிறது. 9ஆம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர் தமது 'த்வன்யாலோக'த்தில் குறிப்புப் பொருளைச் சுட்ட ஆண்ட சொல்லே வியங்கியம். இன்றைய இந்தியில் அதுவே அங்கதத்தின் பெயராகவும் நிற்பது எண்ணி மகிழத்தக்கது. பாரதேந்து ஹரிச்சந்திரர் 1881இல் எழுதிய 'அந்தேர் நகரி' நாடகம், ஹரிசங்கர் பர்சாயியின் கட்டுரைகள், ஸ்ரீலால் சுக்லவின் 'ராக் தர்பாரி' (1968) ஆகியவை இம்மரபின் மைல்கற்கள். ஆகவே அங்கதம் இந்திக்குப் புதிதன்று. எனினும் அமெரிக்க நகைச்சுவைப் படங்கள் டப்பிங் வழியே இந்தி பேசத் தொடங்கியபோது ஒரு வினா எழுந்தது. அவை வியங்கியமாகவே நின்றனவா, ஹாஸ்யமாகத் தேய்ந்தனவா? இன்னும் கூர்மையாகக் கேட்டால், மூலத்தில் எய்த அம்பு இந்தியில் யார்மேல் தைத்தது?

மௌனமும் தழுவலும்

அமெரிக்க நகைச்சுவை இந்தியாவிற்குள் முதலில் மௌனமாகவே நுழைந்தது. சாப்ளினின் நாடோடிக்கு மொழி இல்லை. பெரிய காலணியும் கைத்தடியுமே அவனுடைய மொழி. 1931 மார்ச் 14இல் 'ஆலம் ஆரா' வெளிவந்து இந்தியத் திரை பேசத் தொடங்கிய பின்னும், சாப்ளின் பேச்சைத் தள்ளியே வைத்தார். 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில் அவர் முதன்முதலாகக் குரலெடுத்துப் பாடும்போது, அப்பாட்டு எந்த மொழியிலும் பொருள் தராத ஒலிக்கோவை. 'த கிரேட் டிக்டேட்டர்' (1940) படத்தில் சர்வாதிகாரி முழங்கும் பேச்சும் ஜெர்மானிய ஓசை மட்டுமே கொண்ட பொருளற்ற கூச்சல். அதிகாரத்தின் பேச்சு உள்ளீடற்றது என்பதைச் சொல்ல, பேச்சையே உள்ளீடற்றதாக்கினார் அவர். இத்தகைய அங்கதத்திற்கு டப்பிங் தேவையே இல்லை. அதே படத்தின் இறுதியில் எளிய நாவிதன் உலகை நோக்கிப் பேசும் நீண்ட உரைதான் முதன்முதலாக மொழிபெயர்ப்பாளனை வேண்டி நிற்கிறது.

இந்தித் திரையுலகம் முதலில் மேற்கொண்ட வழி டப்பிங் அன்று, தழுவல். ராஜ் கபூர் 'ஆவாரா' (1951), 'ஸ்ரீ 420' (1955) ஆகிய படங்களில் சாப்ளினின் நாடோடியை இந்தியத் தெருவில் நடக்கவிட்டார். '420' என்ற எண்ணே ஓர் அங்கதம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக் குற்றத்தைக் கூறிய பிரிவின் எண் அது. மதிப்பிற்குரிய 'ஸ்ரீ' என்னும் அடைமொழியை அவ்வெண்ணுக்கு முன் வைத்ததிலேயே நகரத்துக் கனவான்களின் மேல் அம்பு பாய்ந்துவிட்டது. 2024 ஜூலையில் அச்சட்டம் மாற்றப்பட்டு எண்ணும் மாறிவிட்டது. ஆயினும் பேச்சு வழக்கில் அச்சொல் நிலைத்துவிட்டது. இந்தத் தலைப்பை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒருவர் முயன்று பார்த்தால், மறுதிசையில் இந்தி எழுத்தாளர் படும் பாடு விளங்கும்.

தழுவலின் வலிமைக்குப் பிற்காலச் சான்று, 'மிசஸ் டவுட்ஃபயர்' (1993). அதன் கருவிலிருந்து தமிழில் 'அவ்வை சண்முகி' (1996) பிறந்தது. அதனை அடுத்த ஆண்டே கமல்ஹாசன் இந்தியில் 'சாச்சி 420' என இயக்கினார். இந்தி உரையாடலை எழுதியவர் கவிஞர் குல்சார். இங்கே ஊரும் உறவும் குடும்பத்தின் பெருமிதங்களும் ஒவ்வொரு மண்ணுக்கும் ஏற்ப மாறின. தழுவலில் எழுத்தாளர் காட்சியையே மாற்றலாம். டப்பிங்கில் அவ்வுரிமை கிடையாது. திரையில் தெரியும் முகமும் தெருவும் பெயர்ப்பலகையும் அமெரிக்காவினுடையனவாகவே இருக்கும்; வாயிலிருந்து வரும் ஒலி மட்டும் இந்தியாக வேண்டும். இதுவே டப்பிங் எழுத்தாளருக்கு விதிக்கப்பட்ட தளை.

1994: வாயில் திறந்தது

அயல்நாட்டார் ஒருவர் பெருந்திரையில் இந்தி பேசுவது அதற்கு முன்பும் நிகழ்ந்ததுண்டு. 1982இல் வெளிவந்த 'காந்தி' படத்தின் இந்தி வடிவில் பென் கிங்ஸ்லிக்குக் குரல் தந்தவர் பங்கஜ் கபூர். ஆனால் அது இந்தியக் கதை. அதில் இந்தி கேட்பது இயல்பே. அமெரிக்கக் கதை இந்தியில் பெரும் வெற்றி பெற முடியும் என்பதை மெய்ப்பித்தது, 1994இல் இந்தியாவில் திரையிடப்பட்ட 'ஜுராசிக் பார்க்'. ஆங்கிலப் படம் என்றால் பெருநகரத்துப் படித்த வகுப்பாருக்கே என்றிருந்த எல்லை அதனால் உடைந்தது. சிறு நகரங்களின் அரங்குகளில் டைனோசரைக் காணத் திரண்டவர்கள் தம் மொழியிலேயே அச்சப்பட்டார்கள்.

ஆனால் டைனோசரின் உறுமலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அச்சமும் வியப்பும் டப்பிங்கை எளிதாக்கின. அதனால்தான் அவ்வகைப் படங்கள் முதலில் வந்தன. நகைச்சுவை பின்தங்கியே வந்தது. அதற்கான பயிற்சிக்களம் பெரும்பாலும் தொலைக்காட்சியே. 1990களின் தொடக்கத்தில் ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் டிஸ்னியின் வாத்துகள் இந்தி பேசின. 1993இல் ஜப்பானியத் தொடரான 'ஜங்கிள் புக்' இந்தியில் வந்தபோது, தலைப்புப் பாடலை எழுதியவர் குல்சார். ஷேர் கானுக்குக் குரல் தந்தவர் நானா படேகர். கவிஞரும் தேர்ந்த நடிகரும் கைவைத்ததால், டப்பிங் என்பது இரவல் தொழில் என்ற எண்ணம் சற்றே மாறியது. அந்நாளில் கேட்டு வளர்ந்த சிறுவர்களே பத்தாண்டுகளுக்குப் பின் அரங்குகளை நிறைத்தார்கள்.

உதடும் சொல்லும்

டப்பிங்கின் இலக்கணம் கவிஞர்க்கு அயலானதன்று, அதுவும் யாப்பே. மூலப்படத்தின் நிறுவனம், உரையாடலை நீக்கி இசையும் ஓசையும் மட்டும் உள்ள ஒலித்தடத்தைத் தருகிறது. எஞ்சிய இடைவெளியை எழுத்தாளர் நிரப்ப வேண்டும். அண்மைக் காட்சியில் நடிகரின் உதடுகள் ஒட்டும்போது ப, ம போன்ற இதழொட்டு எழுத்து விழ வேண்டும். வாய் அகன்று திறக்கும்போது நெடில் வேண்டும். அவர் பேசி முடிக்கும் நொடியில் சொல்லும் முடிய வேண்டும். இத்தனை கட்டுக்குள் நகையும் பிறக்க வேண்டும்.

இவற்றினும் பெரிய இடர் தொடரமைப்பில் உள்ளது. ஆங்கிலத் தொடர் வினையை நடுவே வைத்து, சிரிக்கவைக்கும் சொல்லைக் கடைசி வரை ஒளித்து வைக்கும். இந்தியில், தமிழைப் போலவே, வினை இறுதியில் வரும். வெடிக்க வேண்டிய சொல்லுக்குப் பின்னால் 'ஹை', 'தா' என ஒரு வால் தொங்கும், வெடி நமுத்துப்போகும். இதற்கு மருந்து இந்தி-உருதுக் கவிதைச் செவியிலேயே இருந்தது. கஸலில் ஈரடியின் இறுதியில் ஒரே சொல் மீண்டும் மீண்டும் வரும். அதற்கு முந்தைய இயைபுச் சொல்லே புதிது. முஷாயிராவில் அமர்ந்த கேட்போர் கடைசிச் சொல்லுக்கு முந்தைய சொல்லுக்காகவே காத்திருந்து பழகியவர்கள். அச்செவிக்கு, வினைக்கு முன்னால் வெடிப்பதும் வெடிப்பே. நல்ல உரையாடல் எழுத்தாளர் இதை உணர்ந்து வினையைச் சுருக்குவார், அல்லது கவிஞரைப் போல் முறைமாற்றி அமைப்பார்.

ஒன்றில் இந்தி ஆங்கிலத்தினும் செல்வம் மிக்கது. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒன்றே. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று. ஒவ்வொரு உரையாடலிலும் யார் யாருக்கு எந்தப் படி என்று எழுத்தாளர் முடிவு செய்தாக வேண்டும். மேலாளர் ஊழியரை 'ஆப்' என்று விளித்துக்கொண்டே அவமதிக்கலாம். மரியாதையே சாட்டையாகும் அந்தப் பேச்சு இலட்சுமணபுரியாகிய லக்னோவின் மரபுக்கு மிக அணுக்கமானது. சினம் முற்றி 'தூ'வுக்கு இறங்கும் கணத்தில் பதவியின் முகமூடி கழன்று விழும். மூலத்தில் இல்லாத ஓர் அங்கதக் கருவியை இந்தி இவ்வாறு தானே கொடுத்தது. டப்பிங்கில் இழப்பு மட்டுமே உண்டு என்பது பொருந்தாது.

விடையற்றவர்கள்

இவ்வரலாற்றில் நிறுத்தி நோக்கத்தக்க படம், பிராட் பேர்ட் இயக்கிய 'த இன்கிரெடிபிள்ஸ்' (2004). சிறுவர்க்கான ஓவியப்படம் என்ற தோற்றத்திற்குள் அது கூர்மையான அங்கதம். இந்தியில் அதற்கு இட்ட பெயர் 'ஹம் ஹைன் லாஜவாப்'. ஆங்கிலத் தலைப்பு 'நம்ப முடியாதவர்' எனப் பொருள்படும். 'லாஜவாப்' என்பதோ அரபு வேரின்படி 'விடையற்றது', அதாவது ஒப்புரைக்க இயலாதது. நம்பிக்கையைத் தொட்ட சொல், விவாதத்தைத் தொட்ட சொல்லாயிற்று. கதைத்தலைவனுக்குக் குரல் தந்தவர் ஷாருக் கான். விரைந்தோடும் சிறுவனுக்குக் குரல் தந்தவர் அவர் மகன் ஆர்யன். சிறுவனின் பெயர் இந்தியில் 'தேஜ்' ஆனது. வடமொழிக் காதுக்கு அது ஒளி. பாரசீகக் காதுக்கு 'தேஸ்', அதாவது விரைவு. இரு பொருளும் ஒரே ஓசையில் அமைந்த அப்பெயர், மூலப் பெயரினும் வளமானது.

கதையின் அங்கதம் மூன்று இடங்களில் நிலைகொண்டுள்ளது. முதலாவது, வழக்கு. தற்கொலைக்கு முயன்றவனைக் காப்பாற்றியதற்காக அவனே வீரன்மேல் நட்ட ஈடு கோரி வழக்குத் தொடுக்கிறான். வழக்குகள் பெருகி, வீரர்கள் தலைமறைவாக வாழ நேர்கிறது. எதற்கும் வழக்காடும் அமெரிக்கச் சமூகத்தின் மேல் எய்த அம்பு இது. இந்தி நிலத்தில் நீதிமன்றம் வேறு காரணத்தால் நகைக்கு இடமானது: அங்கே வழக்கு முடிவதில்லை என்பதே பகடி. எனவே முதல் அம்பு பாதி வலிமையுடனேயே சென்று சேர்ந்தது.

இரண்டாவது, அலுவலகம். மலையைப் பெயர்க்கும் வீரன் காப்பீட்டு நிறுவனமொன்றின் சிறு மேசைக்குள் ஒடுங்கியிருக்கிறான். ஏழை மூதாட்டிக்கு உரிய தொகை கிடைக்க வழி சொன்னதற்காகக் குள்ளமான மேலாளரிடம் வசை கேட்கிறான். இலாபத்திற்காக இரக்கத்தைத் தடைசெய்யும் தனியார் நிறுவனமே இங்கே இலக்கு. இந்தியாவில் ஆயுள் காப்பீடு 1956இல் நாட்டுடைமையானது. பொதுக் காப்பீடு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வாறாயிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே தனியார்க்கு அத்துறை மீண்டும் திறந்தது. ஆகவே 2004இன் இந்திப் பார்வையாளருக்குக் காப்பீடு என்றால் நினைவில் எழுந்தது அரசு அலுவலகம். அவர் அறிந்த கொடுமை இலாப வெறியன்று, கோப்பு நகராமை. 2001இல் தொடங்கிய 'ஆபீஸ் ஆபீஸ்' தொலைக்காட்சித் தொடரில் பங்கஜ் கபூர் நடித்த எளிய மனிதர் அலைக்கழிக்கப்பட்டதும் அத்தகைய அலுவலகங்களிலேயே. ஒரு சொல்லையும் மாற்றாமலே அம்பு தானாகத் திசை மாறிக்கொண்டது: அமெரிக்க முதலாளிமேல் எய்தது, இந்திய அதிகாரிமேல் தைத்தது. இரண்டும் வலியவர் பக்கமே. அங்கதத்தின் அறம் கெடவில்லை. திரையுலகின் பெருநட்சத்திரக் குரல் ஒரு குமாஸ்தாவின் மேசைக்குள் முடங்கிக் கேட்டதும் மூலத்தில் இல்லாத நயம்.

மூன்றாவது, பள்ளி. எல்லாரும் சிறப்பானவர்களே என்று தாய் சொல்ல, அப்படியானால் எவருமே சிறப்பானவரல்லர் என்பதுதான் அதன் பொருள் என்கிறான் சிறுவன். குழந்தைகளுக்கு வாரி வழங்கும் அமெரிக்கப் பாராட்டை இது இடிக்கிறது. முதல் மதிப்பெண் பெறாதவனுக்கு இடமில்லாத இந்திய வகுப்பறையிலிருந்து எழுந்து வந்த சிறுவனுக்கு இந்தக் குறை எப்படி ஒலித்திருக்கும்? எல்லாரையும் பாராட்டும் பள்ளி அவனுக்கு அங்கதமன்று, கனவு. மொழிபெயர்ப்பு எவ்வளவு துல்லியமாயினும் மூன்றாவது அம்பு காற்றில் கரைவதே இயல்பு. ஒரே படத்தில், ஓர் அம்பு பாதி சென்றது, ஒன்று வேறிடம் தைத்தது, ஒன்று தொலைந்தது. அங்கதம் மொழி மாறும்போது நிகழக்கூடியவை அனைத்தும் இங்கே உள.

வட்டார வழக்கு என்னும் குறுக்கு வழி

தொலைந்த நகையை ஈடுகட்ட டப்பிங் எழுத்தாளர்க்கு எப்போதும் ஒரு குறுக்கு வழி உண்டு: பாத்திரத்திற்கு ஒரு வட்டார வழக்கைக் கொடுத்துவிடுவது. பம்பாய்த் தெருப் பேச்சு, பஞ்சாபி இழுப்பு, பீகார் நடை, ஐதராபாத் தக்கனி ஆகிய ஏதேனும் ஒன்று ஒலித்த மாத்திரத்தில் அரங்கு சிரிக்கும். இது பழைய மரபே. வடமொழி நாடகத்தில் அரசன் சமஸ்கிருதம் பேசுவான். அந்தணனேயாயினும் விதூஷகன் பிராகிருதம் பேசுவான். 'கும்நாம்' (1965) படத்தில் மெஹ்மூத் ஐதராபாத் இந்தி பேசிச் சிரிக்கவைத்தார். 'படோசன்' (1968) படத்தில் அவரே தென்னாட்டு இசையாசிரியராகத் தோன்றி, தென்னாட்டார் இந்தி பேசும் ஓசையையே நகைப்பொருளாக்கினார். அச்சிரிப்பின் மறுபுறத்தில் அமர்ந்திருப்பது எத்தகையது என்பதைத் தமிழர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆபத்து இங்கேதான் உள்ளது. மூலத்தில் நீதிமன்றத்தையோ நிறுவனத்தையோ குத்திய சொல், பொருள் விளங்காமற் போய், அதனிடத்தில் ஒரு நாட்டுப்புறத்தானின் உச்சரிப்பு வந்து அமர்ந்தால், அரங்கு முன்போலவே சிரிக்கும். ஆனால் சிரிக்கப்படுபவர் மாறிவிட்டார். மேல்நோக்கி எய்த அம்பு கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் எள்ளலும் உண்டு, பேதைமையும் உண்டு. எள்ளலை எடுத்துவிட்டுப் பேதைமையை வைப்பதே இம்மாற்றம். ஒலிப்பெருக்கியில் சிரிப்பின் அளவு குறையாததால் இழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

வட்டார வழக்கு எப்போதும் தாழ்த்துவதே என்பதும் சரியன்று. ரிஷிகேஷ் முகர்ஜியின் 'சுப்கே சுப்கே' (1975) படத்தில் பேராசிரியர் ஒருவர் காரோட்டியாக வேடம் பூண்டு, ஆங்கிலக் கலப்பே இல்லாத செந்தூய இந்தி பேசித் தூய்மைவாதியான உறவினரைத் திணறடிக்கிறார். அங்கே மொழிநடையே நகை. ஆனால் அடிபடுவது எளியவன் நாக்கன்று, பெரியவரின் செருக்கு. அங்கத வகையைச் சேராததாயினும், 'த ஜங்கிள் புக்' (2016) படத்தின் இந்தி வடிவமும் கருதத்தக்கது. மயூர் புரி எழுதிய உரையாடலில் இர்ஃபான் கான் பாலு கரடிக்குப் பஞ்சாபி மணம் தந்தார். அந்தக் கரடியைப் பார்த்து எவரும் இகழ்ந்து சிரிக்கவில்லை. அதனோடு சேர்ந்து சிரித்தார்கள். வழக்கைக் கையாள்வதில் அன்பு உண்டா, இகழ்ச்சி உண்டா என்பதே வேறுபாடு.

கால் நூற்றாண்டு விளைத்த கேட்போர்

2018இல் 'டெட்பூல் 2' இந்தியில் வந்தபோது தலைமைப் பாத்திரத்திற்கு ரன்வீர் சிங் குரல் தந்தார். வீரப்படங்களையே பகடி செய்யும் வீரப்படம் அது. அதன் நாயகன் நடுக்கதையில் திரும்பிப் பார்வையாளரோடு பேசுவான், தான் தோன்றும் படத்தையே கேலி செய்வான். கதைக்குள் நின்றே கதையை எள்ளும் விதூஷகனையும் சூத்திரதாரனையும் அறிந்த நிலத்திற்கு இவ்வுத்தி புதிதன்று. ஆனால் எதைக் கேலி செய்கிறான் என்பது தெரிந்தால்தானே சிரிப்பு வரும்? 1994இல் இப்படம் வந்திருந்தால் இந்தியில் அதற்குக் கேட்போர் இருந்திரார். 2002இல் 'ஸ்பைடர்மேன்' தொடங்கி ஆண்டுதோறும் வந்த மொழிமாற்றுப் படங்களே அந்த வீரர்களையும் அவர்களின் ஆடையையும் வீராவேசப் பேச்சையும் இந்திப் பார்வையாளரின் சொந்த நினைவாக்கியிருந்தன. கரந்த அங்கதத்திற்கு வேண்டிய கேட்போனை டப்பிங்கே கால் நூற்றாண்டாக விளைத்துத் தந்தது என்பது இவ்வரலாற்றின் நற்பேறு.

இதனிடையே 2007இல் நிகழ்ந்த ஒன்று அக்காலத்தில் விந்தைச் செய்தியாகவே கருதப்பட்டது. 'ஸ்பைடர்மேன் 3' போஜ்புரியிலும் குரல் மாற்றம் பெற்றது. இந்திப் படங்களில் வேலையாளுக்கும் கோமாளிக்கும் ஒதுக்கப்பட்டிருந்த பேச்சு, கதைத்தலைவனின் பேச்சாயிற்று. நாயகனே போஜ்புரி பேசும்போது அதைக் கேட்டுச் சிரிக்க ஒன்றுமில்லை. காதலும் கோபமும் துயரும் அதில் சொல்லப்பட்டன. நகைச்சுவைக்காகச் செய்யப்படாத இச்செயல், நகைச்சுவையின் அறத்தை எந்த விமர்சனத்தினும் தெளிவாக எடுத்துரைத்தது. ஒரு வழக்கு எல்லாவற்றையும் பேசும் உரிமை பெற்ற பின்னரே, அதில் பிறக்கும் சிரிப்பு இழிவாகாது.

மொழிமாற்றுப் படங்களின் சுவரொட்டியில் குரல் தந்த நட்சத்திரத்தின் பெயர் பெரிதாக இருக்கும். சொல் தந்தவரின் பெயரைத் தேடித்தான் காண வேண்டும். ஆயினும் ஓர் அங்கதம் எவர்மேல் தைக்க வேண்டும் என்பதை ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டில் முடிவு செய்பவர் அந்தப் பெயரில்லாதவரே. உதட்டசைவுக்குச் சொல் பொருந்தியதா என்பதை எவரும் சோதித்துவிடலாம். அம்பின் திசை பொருந்தியதா என்பதைச் சோதிக்கும் கருவி அவர் மனச்சான்று ஒன்றே. பிறமொழிக் கவிதையைத் தன்மொழியில் எழுத உட்காரும் ஒவ்வொருவருக்கும் உரிய பொறுப்பும் அதுவே.